இரண்டுக்கும் ஒரே பெயரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘முந்திக்கொண்டு அடிப்பதும் தற்காப்பே’ என்று சென்ற வாரத் தலையங்கத்தில் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். படித்ததும் மனம் பொறுக்கவில்லை.

ஓங்கிய கையைப் பிடிப்பது முந்து தாக்குதல். என்றாவது ஓங்குவான் என்று இன்றே கையை வெட்டுவது தடுப்புப் போர். நீதியான போர் பற்றிய சிந்தனையின் உயிர்நாடியே இந்த வேறுபாடுதான். உங்களுக்குத் தெரியாததல்ல.

1837 டிசம்பரில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கனடாக் கிளர்ச்சிக்காரர்களுக்குச் சரக்கு கொண்டுபோன ‘கரோலைன்’ கப்பல் நயாகரா ஆற்றின் அமெரிக்கக் கரையில் நின்றது. பிரிட்டிஷ் தரப்பினர் இரவில் வந்து அதைக் கொளுத்தி ஆற்றோடு விட்டார்கள். 1841-இல் அமெரிக்க வெளியுறவுச் செயலர் டேனியல் வெப்ஸ்டர் கேட்டார்: தேவை உடனடியானதா? வேறு வழியே இல்லையா? யோசிக்க நேரமே இல்லையா? ஆயுதமில்லாதவர்கள் உறங்கிய கப்பலைத் தாக்க, விடியும்வரை பொறுக்க முடியாதா? இன்றும் உரைகல் அதுதான்.

அதில் உரசிப் பாருங்கள். 1967-இல் எகிப்து ஐ.நா. படையை வெளியேற்றி, சினாயில் துருப்புகளைக் குவித்து, இஸ்ரேல் கப்பல்கள் செல்லும் திரான் நீரிணையை மூடிய பிறகே இஸ்ரேல் முந்தியது. அதிலேயே வாதம் ஓயவில்லை. 1981-இல் ஈராக்கின் ஒசிராக் அணு உலையை இஸ்ரேல் தாக்கியபோது எந்தப் படையும் கிளம்பி வரவில்லை. ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 487-ஆம் தீர்மானத்தில் ஒருமனதாகக் கண்டித்தது. அமெரிக்காவும் கை தூக்கியது. 2003-இல் ஈராக்கில் இருப்பதாகச் சொல்லி அமெரிக்கா படையெடுத்த பேரழிவு ஆயுதக் கிடங்குகள் கிடைக்கவே இல்லை. ஊகத்தை நம்பிக் குண்டு போட்டால், ஊகம் பொய்த்த பின் செத்தவர்களை யார் எழுப்புவது?

இது முதல் முறையும் அல்ல. ஐ.நா. சாசனத்தின் 51-ஆம் பிரிவை எடுத்தாளும்போதெல்லாம் ‘தற்காப்பு உரிமை’யோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். ‘ஆயுதத் தாக்குதல் நிகழ்ந்தால்’ என்ற நிபந்தனையும், பாதுகாப்பு மன்றத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் உங்கள் பக்கங்களில் வந்ததே இல்லை. குண்டுவீச்சுக்கு ‘முன்னெச்சரிக்கை நடவடிக்கை’ என்று தலைப்பு வேறு! புயலுக்கும் வெள்ளத்துக்கும் சொல்லும் சொல் அல்லவா அது?

முந்து தாக்குதல், தடுப்புப் போர் என்று இரண்டையும் இனியாவது தனித்தனியே எழுதுங்கள். அடுத்த இதழில் 51-ஆம் பிரிவை முழுமையாக அச்சிடுங்கள். கால் பத்தி இடம் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்