பந்தைப் புறாவுக்குப் பக்கத்தில் வையுங்கள்

அமெரிக்க அருங்காட்சியகங்களில் பழைய துப்பாக்கிகளைக் காட்சிக்கு வைப்பவர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் உள்ள கண்ணாடி இலக்குப் பந்துகளைப் பற்றி ஒரு கோரிக்கை. இரண்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே விட்டம், தேன் நிறம் அல்லது கருநீலம், கண்ணாடி ஊதும் குழலிலிருந்து உடைத்தெடுத்தபடியே விட்ட கரடுமுரடான வாய். துப்பாக்கிகளுக்கு நடுவே பளபளவென்று வைத்தால் அழகாகத்தான் இருக்கும். விவரம் தெரியாதவர் கிறிஸ்துமஸ் அலங்காரம் என்று நினைத்து நகர்ந்துவிடுவார். ஆனால் இவை துப்பாக்கி சுடும் போட்டிகளில் உயிருள்ள புறாவுக்குப் பதிலாக வானில் எறியப்பட்டவை. புறாவைக் காட்டாமல் பந்தை மட்டும் காட்டினால் அது பாதிக் கதைதான்.

1877ஆம் ஆண்டை மட்டும் பாருங்கள். வழவழப்பான பந்தில் ஈயக் குண்டுகள் பட்டும் வழுக்கிப் போகின்றன என்று, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி காப்புரிமை வாங்கினார் துப்பாக்கி சுடும் வீரர் கேப்டன் ஆடம் போகார்டஸ். அது தொழில்நுட்பம், சரி. அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு துப்பாக்கி வீரர் ஐரா பெயின் வாங்கிய காப்புரிமைதான் என்னை உறுத்துகிறது. அவருடைய பந்துக்குள் இறகுகள் அடைத்திருக்கும். குண்டு பட்டதும் கண்ணாடி நொறுங்கி, இறகுகள் காற்றில் பறக்கும். கண்ணாடியைச் சுட்டாலும், பறவையைச் சுட்ட திருப்தி வேண்டியிருந்தது!

பந்து வந்ததால் புறாக்கள் பிழைத்தன என்று எழுதிவிடாதீர்கள். 1881இல் நியூயார்க்கின் கோனி தீவில் அந்த மாநில வேட்டைக்காரர்கள் நடத்திய போட்டிக்குக் கொண்டுவரப்பட்டவை சுமார் 20,000 பயணிப் புறாக்கள் (இன்று அழிந்துபோன அமெரிக்கக் காட்டுப் புறா இனம்). விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க் இப்படிப்பட்ட போட்டிகளை விடாமல் எதிர்த்துக்கொண்டிருந்த காலம் அது. கண்ணாடிப் பந்து புழக்கத்தில் இருந்தபோதே இது நடந்தது.

அப்புறம் சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகோவ்ஸ்கி 1880இல் தட்டு வடிவ களிமண் இலக்கைக் கொண்டுவந்தார். அது பறவையைப் போலவே தாழ்வாகச் சறுக்கிப் பறந்தது. மேய்ச்சல் நிலத்தில் மாட்டுக் காலைக் கிழிக்கும் சில்லுகளும் மிஞ்சாது. கண்ணாடியின் காலம் சில ஆண்டுகளில் முடிந்தது. அதே சின்சினாட்டியின் விலங்குக் காட்சியகத்தில்தான் கடைசிப் பயணிப் புறாவான மார்த்தா 1914 செப்டம்பர் 1 அன்று இறந்தது. அந்த இனம் அழிந்ததற்கு இந்தப் போட்டிகள் மட்டுமே காரணமல்ல. இறைச்சிச் சந்தையும் காடழிப்பும் அதைவிடப் பெரியவை. அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

பதப்படுத்திய பழைய பறவைகள் வெளிச்சத்தில் நிறம் மங்கும், இரவல் கிடைப்பதும் சுலபமல்ல என்பீர்கள். நியாயம்தான். ஒரு நல்ல புகைப்படம் போதும். கூடவே, வயலில் கண்டெடுத்த சில்லுகள் உங்கள் கிடங்கில் இருந்தால், முழுப் பந்துக்குப் பக்கத்தில் அவற்றையும் பரப்பி வையுங்கள். உடைவதற்கென்றே செய்த பொருளுக்கு அதுதானே முறை? விளக்கச் சீட்டில் கோனி தீவின் அந்த 20,000 என்ற எண்ணுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

அன்புடன்,
ஒரு பார்வையாளர்