பொருள்: 3200 வேக ஸ்டிக்கர் ஒட்டி விற்ற 2400 வேக ரேம், பணத்தைத் திருப்பித் தருவது குறித்து

அனுப்புநர்: திருமண வீடியோ எடிட்டிங் கடை, விழுப்புரம்
பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் 8 ஜிபி டிடிஆர்4 3200 ரேம் இரண்டை எடிட்டிங் கம்ப்யூட்டருக்காக வாங்கினேன். பில் நகலும் ஃபோட்டோக்களும் புகார் எண்களும் இணைத்துள்ளேன். எண்கள் ஏன் இத்தனை என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் பழைய புகாரை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று போடுகிறார்கள். மூடியதும் "தங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று எனக்கே எஸ்எம்எஸ் வருகிறது.

தீரவில்லை. எடிட் செய்த வீடியோவைக் கோப்பாக்க ரெண்டர் போட்டால் பாதியில் ப்ளூ ஸ்கிரீன் வந்து நின்றுவிடுகிறது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டினால் 3200-இல் திரை முழுக்கச் சிவப்பில் பிழைகள். பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பில்) வேகத்தை 2400-க்கு இறக்கினால் ஒரு பிழையும் இல்லை, விடிய விடிய ஓடுகிறது. ஏன் என்று பார்க்கத்தான் ரேமைக் கழற்றிப் பின்பக்கச் சிப்பில் பொறித்திருந்த எண்ணைப் படித்தேன்.

ரேம் விற்கிற தங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்தச் சிப் சாம்சங் தயாரிப்பு. எண், கே4ஏ4ஜி085டபிள்யூஇ-பிசிஆர்சி. ஃபோட்டோவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கே4 என்றால் டிராம், அடுத்த ஏ டிடிஆர்4. 4ஜி என்பது 4 கிகாபிட், 08 என்பது எட்டு பிட் அகலம், டபிள்யூ 1.2 வோல்ட். கடைசியில் வரும் ஆர்சி தான் வேகம்: 2400. அதே சாம்சங் 2666-க்கு டிடி (TD) என்றும் 3200-க்கு டபிள்யூஇ என்றும் போடுகிறது. இந்தச் சிப்பில் டபிள்யூஇ வருவது நடுவில்; அது வேகக் குறி இல்லை. உங்கள் ஆள் ஒருவர் அதைக் காட்டி "இதோ சார், 3200 தானே" என்று சொல்லிப் பார்த்தார், அதனால் எழுதுகிறேன்.

இன்னொன்று. ஸ்டிக்கரில் 1ஆர்எக்ஸ்8 என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஒரே ரேங்க் (சேர்ந்து இயங்கும் ஒரே சிப் தொகுதி), எட்டு பிட் சிப் என்றால் ரேமின் 64 பிட் அகலத்துக்கு மொத்தம் எட்டு சிப் இருக்க வேண்டும். முன்னால் எட்டு, பின்னால் எட்டு, ஆகப் பதினாறு இருக்கிறது. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் 4 கிகாபிட் சிப் பதினாறு இருந்தால்தான் 8 ஜிபி வரும், அப்போது அது 2ஆர்எக்ஸ்8. சிப் நம்பர் படிக்கத் தெரியாதவருக்கும் எண்ணத் தெரியுமே ஐயா!

இனி சென்னை சர்வீஸ் சென்டருக்கு வருகிறேன். ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு மாடியில் இருக்கிறதே, அதுதான். கடையைப் பூட்டிவிட்டு, முகூர்த்த நாளில், விடியற்காலை பஸ் பிடித்துப் போனேன். டோக்கன் வாங்கி மதியம் வரை நின்றேன். கவுன்டரில் இருந்த தம்பி செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் சிப் எண்ணைக் காட்டியதும் சொன்னது இது: "சிப்பையெல்லாம் கஸ்டமர் படிக்கக் கூடாது சார். ஸ்டிக்கர எடுத்துட்டீங்க, வாரண்டி போச்சு." ஸ்டிக்கர் ஒட்டியபடியே இருக்கிறது! பின்பக்கம் எட்டுச் சிப்பும் வெட்டவெளியில் இருக்கின்றன, கண் இருக்கிற யாரும் படிக்கலாம். இதைச் சொன்னால், "கூகுள் பாத்துட்டு வந்து எங்களுக்கே கிளாஸ் எடுக்காதீங்க" என்று பின்னால் நின்றவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார். இருபது வருடமாகத் தொழில் செய்பவன் நான். என் மகன் வயதுப் பையன் இத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசியது ரேம் போனதைவிட வலிக்கிறது. சாப்பிடப் போகிறேன் என்று எழுந்து போனவர் திரும்பி வரவே இல்லை.

அவருக்குப் பதில் வந்தவர் கம்ப்யூட்டர் பாகங்களின் விவரம் காட்டும் சிபியூ-இசட் மென்பொருளைத் திறந்து "3200 காட்டுது பாருங்க" என்றார். காட்டாமல் என்ன செய்யும்? ரேமில் இருக்கும் எஸ்பிடி 512 பைட் அளவுள்ள ஒரு குட்டி நினைவகம். அதில் நீங்கள் என்ன எழுதி அனுப்பினீர்களோ அதைத்தான் அந்த மென்பொருள் படிக்கும். கூரைத் தகரத்துக்குப் பித்தளைப் பெயின்ட் அடித்துவிட்டு நிறத்தைப் பார் என்கிற கதை இது.

சிப்பின் வேகத்தைத் தாண்டி ஓட்டுவது வழக்கம்தான் என்று மின்னஞ்சலில் ஒருவர் பதில் எழுதியிருந்தார். தெரியும். எக்ஸ்எம்பி ரேம்கள் (தர அளவைத் தாண்டிய வேகத்துக்கான அமைப்புடன் விற்பவை) அப்படித்தான் வருகின்றன. ஆனால் 3200-க்கு அவை பெரும்பாலும் 1.35 வோல்ட் கேட்கும், பெட்டியிலேயே அதைப் போட்டிருப்பார்கள், சோதித்தும் விற்பார்கள். தங்கள் பெட்டியில் எக்ஸ்எம்பி என்ற சொல்லே இல்லை, 1.2 வோல்ட், ஜெடெக் (ரேம் தர நிர்ணய அமைப்பு) 3200 என்றுதான் இருக்கிறது.

மாற்றிக் கொடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். பல வாரம் இழுத்தடித்து ஒன்றை மட்டும் மாற்றினீர்கள். அதே மாடல் எண், அதே ஸ்டிக்கர். ஓரத்தில் தெரியும் சிப் இம்முறை எஸ்கே ஹைனிக்ஸ், எச்5ஏஎன்8ஜி8என்சிஜேஆர்-விகேசி. 8 கிகாபிட், எட்டு சிப், அதுவரை சரி. ஆனால் விகே என்றால் 2666. ஒரு ஸ்லாட்டில் 2400, இன்னொன்றில் 2666, இரண்டின் மேலும் 3200! கேட்டதற்கு, "பயாஸ்ல 2400 வெச்சுக்கோங்க சார், ஓடும்" என்கிறார்கள். வினாடிக்கு 25,600 எம்பி என்று காசு வாங்கிவிட்டு 19,200-இல் ஓட்டச் சொல்கிறீர்கள். நாலில் ஒரு பங்கு எங்கே போனது? பில்லில் நாலில் ஒரு பங்கைக் குறைத்தீர்களா?

ரெண்டர் முடிந்ததாகக் காட்டிய கோப்புகளே கெட்டுப்போயிருக்கின்றன. ஒரு பெண்ணின் நலுங்கு வீடியோவில் பாதிக்கு மேல் பச்சைக் கட்டங்கள்தான். பெண்ணின் அப்பா கடை வாசலில் நின்று சபித்துவிட்டுப் போனார். இந்த ஊரில் இனி எனக்கு ஆர்டர் தர ஆளில்லை. தங்கள் இரண்டு ரேமால் இருபது வருடப் பெயர் மண்ணாகிவிட்டது. லட்சக்கணக்கில் நஷ்டம் என்று எழுதினால் அதுகூடக் குறைவு.

தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்: இரண்டுக்குமான முழுப் பணத்தையும் தாருங்கள். இல்லையென்றால் சிப்பிலேயே 3200-க்கான குறி உள்ள ஒரே தயாரிப்பின் ஜோடியைத் தாருங்கள். சாம்சங் என்றால் டபிள்யூஇ, ஹைனிக்ஸ் என்றால் எக்ஸ்என், அதுவும் கடைசியில் இருக்க வேண்டும். பிரித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். 15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அப்போது விழுப்புரத்துக்குப் பஸ் ஏறப் போவது தாங்கள்தான். அந்தத் தம்பியையும் கூட்டி வாருங்கள்.

அந்த நிலை வராமல் தாங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். இரண்டு ரேமும் கடையில் தயாராக இருக்கின்றன. தங்கள் செலவில் கூரியர் ஆளை அனுப்புங்கள், காலை பத்து மணிக்கு மேல் இருப்பேன். "பிரச்சினை தீர்க்கப்பட்டது" எஸ்எம்எஸ்ஸைப் பணம் வந்த பிறகு அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், புகார் எண்கள், சிப் ஃபோட்டோக்கள், மெம்டெஸ்ட்86 திரைப் படங்கள்