மைக்கைத் தாழ்த்திய தம்பிக்கும், வந்த எல்லோருக்கும்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

நம் பழைய ஊழியத்தை நடத்திய ஐயாவின் நினைவுக் கூட்டம் நல்லபடியாக முடிந்தது. ‘நல்லபடியாக’ என்று எழுதிவிட்டு அதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். யாரும் யாரையும் மேடையிலிருந்து இறக்கவில்லை. எழுந்து போன சிலரும் வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். நம் நிலைமைக்கு அதுவே பெரிய காரியம். என்ன நடந்தது, நாமெல்லாம் ஏன் அந்த ஊழியத்தை விட்டு வந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி கிளற எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன், அதுவும் சூடு ஆறுவதற்குள்.

முதலில் அந்த மைக் தம்பிக்கு.

தம்பி, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஒலிபெருக்கி பார்த்துக்கொள்ள வந்தவர் என்பது மட்டும் தெரியும். ஐயாவை உங்களுக்குத் தெரியாது, எங்கள் பஞ்சாயத்தும் தெரியாது. அதனால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஐயா நல்ல உயரம். எங்கள் ஊழியத்தில் மைக் ஸ்டாண்ட் எப்போதும் அவர் உயரத்துக்குத்தான் நிற்கும். பாட்டுக் குழுவில் நின்றவர்கள், சாட்சி சொல்ல வந்தவர்கள், அறிவிப்பு வாசித்தவர்கள் என்று எல்லோரும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் பேசுவோம். தாழ்த்தக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. அந்தத் திருகைத் தொடலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை, அவ்வளவுதான். அன்றைக்கும் எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் நெடுநெடு என்று வளர்ந்த அண்ணன்மார். ஸ்டாண்ட் அதே பழைய உயரத்தில் நின்றது.

நான் எழுதி எடுத்துப்போன தாளில் முதல் பாதி ஐயாவிடம் நான் பெற்றது, இரண்டாம் பாதி ஐயாவால் நான் இழந்தது. முதல் பாதிக்கு ‘ஆமென்’ பலமாகவே கேட்டது. இரண்டாம் பாதியில் முதல் வரியிலேயே எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. முன்வரிசையில் ஒரு கை எழுந்து இரண்டு விரலால் வெட்டிக் காட்டியது. எனக்குக் காட்டியதல்ல அது. ஓரத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிப் பக்கம் உட்கார்ந்திருந்த உங்களுக்கு. நீங்கள் எழுந்து மேடைக்கு வந்தீர்கள். சரி, முடிந்தது கதை என்று தாளை மடிக்க ஆரம்பித்தேன்.

நீங்கள் ஸ்டாண்டின் திருகைப் பிடித்துத் தளர்த்தப் பார்த்தீர்கள். அது இறுகிப்போயிருந்தது. சட்டை நுனியைச் சுற்றிப் பிடித்து அழுத்தித் திருப்பினீர்கள். கம்பி சரசரவென்று இறங்கியது. மைக்கை என் வாய்க்கு நேராகச் சாய்த்து, விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, “இப்ப பேசுங்கக்கா, கழுத்து வலிக்காது” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டீர்கள்.

அந்தக் கையசைவை நீங்கள் பார்த்தீர்களா, பார்த்தும் கண்டுகொள்ளாமல் விட்டீர்களா, இல்லை ‘சத்தம் சரியாக வரவில்லை, போய்ப் பார்’ என்று சொல்வதாக நினைத்துக்கொண்டீர்களா, எனக்குத் தெரியாது. கேட்கப்போவதும் இல்லை. எதுவாக இருந்தாலும் என் நன்றி குறையாது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், அதோடு அந்த இடத்தின் இறுக்கமும் கொஞ்சம் விட்டது. மீதியைத் தடுமாறாமல் வாசித்தேன். எனக்குப் பிறகு வந்த அக்காமார் வரிசையாகப் பேசினார்கள், அந்த உயரத்திலேயே. கடைசியில் வந்த நெட்டை அண்ணன் ஒருவர் குனிந்து நின்றுதான் பேச வேண்டியிருந்தது. அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

வர முடியாத சிலர், ‘இரண்டாம் பாதியில் அப்படி என்ன சொன்னாய்?’ என்று கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன். வசனத்தைத் துண்டு துண்டாகப் பொறுக்கி எடுப்பது ஐயாவுக்குப் பிடிக்காது. “அதிகாரத்தை முழுசாப் படி. மேலே என்ன இருக்கு, கீழே என்ன இருக்குன்னு பாரு” என்பார். படிப்பைப் பாதியில் விட்டு வந்த என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாலும் சலித்துக்கொள்ளாமல் கேட்டவர் அவர். இன்றைக்கு நான் வேதத்தைத் திறந்து ஒரு அதிகாரத்தைப் புரிந்துகொள்கிறேன் என்றால் அது அவர் போட்ட பிச்சை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதே மனிதர்தான், கணக்கைப் பற்றியோ அவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியோ யாராவது வாயைத் திறந்தால் சங்கீதம் 105:15ஐ எடுத்து வீசுவார். ‘நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே.’ அந்த ஒரு வசனத்தில் நாங்கள் வருஷக்கணக்காக வாயடைத்துக் கிடந்தோம். பிறகு ஒருநாள் அவர் பேச்சைக் கேட்டே அந்த அதிகாரத்தை முழுசாகப் படித்தேன். அங்கே அபிஷேகம் பெற்றவர்கள் ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும். 12ஆம் வசனம் அவர்களைக் கொஞ்சப் பேர், பரதேசிகள் என்கிறது. சொந்த நிலமில்லாமல் ஒரு தேசம் விட்டு ஒரு தேசம் அலைந்தவர்கள். 14ஆம் வசனத்தில் கர்த்தர் அவர்களுக்காக ராஜாக்களைக் கடிந்துகொள்கிறார். நாதியற்றவர்கள்மேல் கை வைக்காதே என்று ராஜாக்களுக்குப் போட்ட உத்தரவு அது. எங்கள் ஊழியத்தில் ராஜா யார், பரதேசி யார் என்று பார்த்தால், அந்த வசனம் எங்கள் பக்கம் அல்லவா இருந்திருக்க வேண்டும்? அதைக் கண்டுபிடிக்கும் கண்ணையும் அவர்தான் எனக்குக் கொடுத்தார். இதுதான் நான் சொன்னது. இதற்குத்தான் அந்த இரண்டு விரல் வெட்டு.

‘அபிஷேகம் பெற்ற ராஜா என்பதால், தன்னைக் கொல்லத் துரத்திய சவுலைக்கூடத் தாவீது தொடவில்லையே’ என்று கூட்டம் முடிந்ததும் ஒருவர் கேட்டார். தொடவில்லை, வாஸ்தவம். ஆனால் 1 சாமுவேல் 24இல் தாவீது, அறுத்தெடுத்த அங்கியின் தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு, சவுலின் முகத்துக்கு நேரே, ஆட்கள் கேட்கும்படி, நியாயம் கேட்கிறான். சவுல் அழுகிறான். அப்புறம் சவுல் தன் வீட்டுக்குப் போகிறான், தாவீது அரணான இடத்துக்குப் போகிறான். அரண்மனைக்குத் திரும்பவில்லை. சரி, பிரசங்கம் செய்யக் கிளம்பிவிட்டேன், நிறுத்திக்கொள்கிறேன்.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன். ‘செத்தவரைப் பற்றிக் குறை பேசலாமா?’ என்று முணுமுணுப்பு எழுந்தபோது, மத்தேயு 1:6ஐ மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்த மூத்த அண்ணனுக்கு நன்றி. இயேசுவின் வம்சவரலாற்றில்கூட, தாவீது ராஜா கொல்லவைத்து மனைவியை எடுத்துக்கொண்ட உரியாவின் பெயரை அழிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு மேல் அவர் எதையும் விளக்கவில்லை. வேறு ஊழியங்களில் நடந்ததைத் தேடி எடுத்து எங்களுக்கு அனுப்பிய சகோதரருக்கும் நன்றி. 2020இல் ரவி சகரியாஸ் என்ற சுவிசேஷகர் இறந்த பிறகு, அவருடைய பாலியல் அத்துமீறல்கள் பற்றி அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வந்த விசாரணை அறிக்கை. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களோடு சேர்ந்து வாழும் லார்ஷ் சமூகங்களைத் தொடங்கிய ழான் வனியே 2019இல் இறந்த பிறகு, 2020இலும் 2023இலும் அந்த அமைப்பே விசாரிக்க வைத்து வெளியிட்ட அறிக்கைகள். இரண்டாவதில், வனியேயின் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானவர்கள் குறைந்தது 25 பெண்கள் என்று இருந்தது. எங்கள் விஷயம் அந்த ரகமில்லை, ஆனாலும் படித்துவிட்டு ஒன்று விளங்கியது. நிறுவனரைப் பற்றிய உண்மையைத் தாங்களே வெளியிட்ட பிறகும் லார்ஷ் சமூகங்கள் தொடர்ந்து நடக்கின்றன. உண்மை வந்தால் எல்லாம் இடிந்துவிடும் என்று எங்களைப் பயமுறுத்தியவர்கள் அதைப் படிக்கலாம்.

இன்னும் ஊழியத்தில் இருந்துகொண்டே, வந்தால் என்ன பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தும் வந்தவர்களுக்கு, பிள்ளைகளை வெளியே பார்த்துக்கொண்ட தங்கைகளுக்கு, நாற்காலிகளை அடுக்கிவிட்டுக் கடைசியாகக் கிளம்பியவர்களுக்கு, மண்டபத்தை ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்த போதகருக்கு, ‘என்னால் வர முடியாது, வர விருப்பமும் இல்லை’ என்று நேர்மையாக எழுதியவர்களுக்கு, எல்லோருக்கும் நன்றி.

அம்மாவுக்கும். நீங்கள் முன்வரிசையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தீர்கள். நான் இறங்கி வந்தபோது கையைப் பிடித்தீர்கள், ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. எனக்குத் தெரியாது. ஐயா உங்கள் புருஷன், உங்களுக்கு உங்கள் துக்கம். அதில் நான் எதையும் தேடப்போவதில்லை.

ஐயாவுக்காக அழுதேனா என்றும் சிலர் கேட்டார்கள். அழுதேன். கோபம் போய்விட்டதா என்றால் போகவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கும் மாமியாரும் மருமகளும் மாதிரி எனக்குள் இருக்கின்றன. சமாதானமாகட்டும், ஆகாமல் போகட்டும், ஒன்றை வெளியே அனுப்பிவிட்டு மற்றதை வைத்துக்கொள் என்று இனி யாரும் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

கடைசியாக ஒரு பொருத்தனை. நான் ஊழியத்தை விட்டு வந்தபோது அடுத்த வாரத்திலிருந்தே என் போன் அடிக்கவில்லை. ‘பின்வாங்கிப் போனவள்’ என்று சொல்லிவிட்டார்கள், அதனால் கூப்பிட யாருக்கும் துணிவில்லை. அவர்களைக் குறை சொல்லி எழுதவில்லை, பயம் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் இனி நான் போகிற சபையிலிருந்தோ, எனக்குத் தெரிந்த எந்த ஊழியத்திலிருந்தோ யாராவது விலகினால், காரணம் எதுவானாலும், அந்த வாரமே கூப்பிடுவேன். ஏன் விட்டீர்கள் என்று கேட்க மாட்டேன், திரும்பி வாருங்கள் என்றும் சொல்ல மாட்டேன். எடுக்க மனமில்லை என்றால் எடுக்க வேண்டாம், வருத்தப்பட மாட்டேன். அடுத்த வாரமும் கூப்பிடுவேன்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சகோதரி