மெக்காலேயோடு முடிந்துவிடாத கதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். புதிய குற்றவியல் சட்டங்களை ஒட்டித் தங்கள் இதழில் வந்த வரலாற்றுக் கட்டுரையைப் படித்தேன். கவர்னர் ஜெனரல் கவுன்சிலின் சட்ட உறுப்பினர் மெக்காலே வரைவு எழுதினார், 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் வந்தது, அன்றிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே நீதி என்று கட்டுரையாளர் வேகமாகக் கடந்துவிட்டார். அந்த வேகத்தில் ஒரு நீதிமன்றமே விடுபட்டுப் போயிருக்கிறது. சென்னையில் 1801 முதல் 1862 வரை இயங்கிய சுப்ரீம் கோர்ட்டைத்தான் சொல்கிறேன். இன்று டெல்லியில் இருப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கல்கத்தாவில் 1774-இலும் பம்பாயில் 1824-இலும் இதே போன்ற நீதிமன்றங்கள் அமைந்தன. மூன்றும் இங்கிலாந்து மன்னரின் சாசனத்தால் உண்டானவை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கட்டளைக்குக் கட்டுப்பட்டவை அல்ல.

இதை ஏன் பெரிதுபடுத்துகிறேன் என்றால், சட்டத்தைத் தொகுக்க வேண்டிய அவசியமே இங்கிருந்துதான் பிறந்தது. சென்னை நகர எல்லைக்குள் ஒருவன் திருடினால் சுப்ரீம் கோர்ட்டில் ஜூரிகள் முன்னிலையில், இங்கிலாந்துச் சட்டப்படி விசாரணை. அதே திருட்டு செங்கல்பட்டில் நடந்தால் கம்பெனியின் நீதிமன்றம். அங்கே இஸ்லாமியக் குற்றவியல் சட்டமும், அதைத் திருத்திக் கம்பெனி போட்ட ரெகுலேஷன்களும். அதன் உச்சியில் பௌஜ்தாரி அதாலத் என்ற குற்றவியல் நீதிமன்றம். சொத்து, கடன் போன்ற உரிமை (சிவில்) வழக்குகளுக்கு சதர் அதாலத். ஒரே மாகாணத்தில் இரண்டு உச்ச நீதிமன்றங்கள் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அப்பீல் கிடையாது.

நகரத்துக்குள் இருந்த இங்கிலாந்துச் சட்டமாவது தெளிவாக இருந்ததா? மூன்று நகரங்களிலும் மேயர் கோர்ட்டுகளை அமைத்த 1726-ஆம் ஆண்டு மன்னர் சாசனத்தோடு வந்து சேர்ந்த சட்டம் அது. அதற்குப் பிறகு லண்டனில் இயற்றப்பட்டவை இங்கே செல்லுமா என்பது ஓயாத வாதம். இதில் போன முதல் பெரிய உயிர் வங்காளப் பிரமுகர் மகாராஜா நந்தகுமாருடையது. போலி ஆவணம் தயாரித்தார் என்று 1775-இல் கல்கத்தா சுப்ரீம் கோர்ட் அவரைத் தூக்குக்கு அனுப்பியது. அந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை விதித்த இங்கிலாந்துச் சட்டம் 1726-க்குப் பிந்தையது. வங்காளத்தில் அது செல்லும் என்று தலைமை நீதிபதி இம்பேயும் சக நீதிபதிகளும் எடுத்துக்கொண்டார்கள். எந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது என்பதே சர்ச்சைக்குரியதாக இருக்கும்போது ஒருவரைத் தூக்கில் போட்டுவிட்ட நீதிமன்றத்தை என்னவென்று சொல்வது?

1833-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் சட்ட ஆணையத்துக்கு வழி செய்தது. மெக்காலேயும் அவருடைய குழுவினரும் 1837-இல் வரைவைக் கொடுத்துவிட்டார்கள். சென்னை மாகாணத்தின் சார்பில் மக்லியாட் அந்த ஆணையத்தில் இருந்தார். அவர் பெயரை நம்மவர்கள் யாரும் சொல்வதில்லை. வரைவு சட்டமானது 1860 அக்டோபர் 6 அன்று. இடையில் போன இருபத்து மூன்று ஆண்டுகளுக்குக் கட்டுரையாளர் 'நிர்வாகத் தாமதம்' என்று காரணம் காட்டுகிறார். அது பாதி உண்மைகூட இல்லை.

உள்நாட்டில் இருந்த ஐரோப்பியர்களுக்கு சுப்ரீம் கோர்ட் ஒரு கோட்டை. குற்றம் எங்கே செய்தாலும் தங்கள் இனத்து ஜூரிகள் முன்னால்தான் நிற்போம் என்பது அவர்களுடைய உரிமையாக இருந்தது. உரிமை வழக்குகளில் மட்டும் அவர்களும் கம்பெனி நீதிமன்றங்களுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று 1836-இல் மெக்காலே ஒரு சட்டம் கொண்டுவந்தபோது, கல்கத்தா ஆங்கிலேயர்கள் அதற்குக் 'கறுப்புச் சட்டம்' என்று பெயர் வைத்துக் கூச்சலிட்டார்கள். குற்ற வழக்குகளுக்கும் அதை விரிக்க, பின்னாளில் சட்ட உறுப்பினரான பெத்தூன் 1849-இல் மசோதாக்கள் தயாரித்தார். மறுபடியும் கூச்சல், மசோதாக்கள் கிடப்பில். எல்லோருக்கும் பொதுவான தண்டனைச் சட்டம் ஒன்று வந்தால், எல்லோருக்கும் பொதுவான நீதிமன்றம் எங்கே என்ற கேள்வி உடனே எழும். அந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் வரைவு அலமாரியில் தூங்கியது என்பது என் எண்ணம். போதாக்குறைக்கு வரைவின் மீது நீதிபதிகளிடம் கருத்துக் கேட்டு, வந்த ஆட்சேபங்களுக்கு 1846-இலும் 1847-இலும் ஆணையம் நீண்ட அறிக்கைகளில் பதில் எழுதிக்கொண்டிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், கடைசியில் சட்டத்தைக் கரையேற்றியதும் சுப்ரீம் கோர்ட்டுக்காரர்களே. 1853-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சட்டசபையில் கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதியும் இன்னொரு நீதிபதியும் உறுப்பினர்கள். சட்டம் இயற்றும் இடத்தில் நீதிபதிகளுக்கு என்ன வேலை என்று இன்று நாம் கேட்போம். அன்று யாருக்கும் உறுத்தவில்லை. முதலில் சட்ட உறுப்பினராக இருந்து, 1859-இல் அதே நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியான பார்ன்ஸ் பீகாக்தான் மெக்காலேயின் வரைவை வரிவரியாகத் திருத்தி நிறைவேற்றியவர். மெக்காலே 1859 டிசம்பரில் இறந்துவிட்டார்; சட்டத்தை அவர் பார்க்கவில்லை. பீகாக்குக்குக் கட்டுரையில் அரை வரிகூட இல்லாதது அநியாயம்.

இன்னொன்று. 1859-இல் வந்த உரிமையியல் நடைமுறைச் சட்டம் சுப்ரீம் கோர்ட்டுகளுக்குப் பொருந்தாது. 1861-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய மாகாணத் தலைநகரங்களை விட்டுவிட்டது. நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் சேர்த்து ஒரே குற்றவியல் நடைமுறை கிடைக்க 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் ஐரோப்பியர்களுக்குத் தனிச் சலுகை நீடித்தது. மறு ஆண்டு, ஐரோப்பியர்களை இந்திய நீதிபதிகளும் விசாரிக்க வழிசெய்ய முயன்ற இல்பர்ட் மசோதா அதைத் தொட்டபோது என்ன ரகளை நடந்தது என்று பள்ளிப் புத்தகமே சொல்லும். 'அன்றிலிருந்து ஒரே நீதி' என்று கட்டுரையாளர் எழுதியது எந்த நாளை மனதில் வைத்து என்று தெரியவில்லை.

மாயூரத்து முன்சீப் வேதநாயகம் பிள்ளையையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் தந்தவர் அவர். புதிய சட்டங்களும் புதிய நீதிமன்றமும் வந்த நேரத்தில், பழைய அதாலத்தின் தீர்ப்புகள் குடிமக்களுக்குப் புரியும் மொழியில் கிடைக்க வேண்டும் என்று ஒரு முன்சீப்புக்குத் தோன்றியிருக்கிறது. மேலே இருந்தவர்களுக்குத் தோன்றவில்லை.

சுப்ரீம் கோர்ட்டையும் அதாலத்துகளையும் கலைத்து ஒன்றாக்கியது 1861-ஆம் ஆண்டு உயர்நீதிமன்றச் சட்டம். ஆனாலும் பழைய நீதிமன்றம் முழுவதும் போய்விடவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் இன்றும் 'ஒரிஜினல் சைடு' என்று ஒரு பிரிவு உண்டு. நகர எல்லைக்குள் எழும் பெருந்தொகை வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் அந்த அதிகாரம் சுப்ரீம் கோர்ட்டிடமிருந்து வந்தது. தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1 அன்று விடைபெற்றுவிட்டது. இது இன்னும் இருக்கிறது.

தண்டனைச் சட்டம் 1860-இல் நிறைவேறினாலும் நடைமுறைக்கு வந்தது 1862 ஜனவரி 1 அன்றுதான். கட்டுரை நூலாக வருவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்போது இந்தத் தேதியையும், சென்னை உயர்நீதிமன்றம் தொடங்கிய அதே ஆண்டு ஆகஸ்டு 15-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர் ஒருவர்,
மயிலாடுதுறை