மலைக்கு அந்தப் பக்கம் வேலை, இந்தப் பக்கம் வீடு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. மாடிப்படி ஏற விடாதே. அவர் யார் பேச்சையும் கேட்கிற ஆளில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

"நீ இருப்பதே பட்டிக்காடு, அங்கே போய் இன்னும் வாடகை வீடா?" என்று கேட்டிருந்தாய். ஊரிலிருந்து போன் செய்கிற எல்லாருமே இதைத்தான் கேட்கிறார்கள். அதனால் இந்த முறை சாவகாசமாகவே எழுதிவிடுகிறேன்.

நான் வேலை பார்க்கும் ஜாக்சன், வயோமிங் மாநிலத்தின் டீட்டன் கவுண்டியில் இருக்கிறது. கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. இந்தக் கவுண்டி பரப்பில் உங்கள் நீலகிரியைப் போல நாலு மடங்கு. ஆனால் 2020 கணக்கெடுப்பில் மொத்த ஜனமே 23,000 சொச்சம்தான். இவ்வளவு இடம் இருந்தும் வீடு கட்ட மனை கிடையாது. நிலத்தில் 97 சதவீதம் மத்திய அரசுடையது: கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்கா, யெல்லோஸ்டோனில் ஒரு பகுதி, காடு, எல்க் மான்களுக்கான சரணாலயம். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அந்த மலையைப் பார்த்தால் நீயும் கை வைக்க விடமாட்டாய். மிச்சமிருக்கிற 3 சதவீதத்துக்குத்தான் அடிதடி.

அடிதடியில் யார் ஜெயிக்கிறார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம். வயோமிங்கில் தனிநபர் வருமான வரி கிடையாது. வேறு மாநிலக் கோடீஸ்வரர்கள் இங்கே வீடு வாங்கி, முகவரியை இங்கே மாற்றிக்கொள்கிறார்கள். தனிநபர் சராசரி வருமானத்தில் அமெரிக்கக் கவுண்டிகளிலேயே முதலிடம் இந்த டீட்டனுக்குத்தான். 2021-ல் அது மூன்று லட்சம் டாலரைத் தாண்டியது. அந்தக் காசு எங்கள் ஹோட்டலிலோ மளிகைக் கடையிலோ சம்பாதித்தது இல்லை. டிவிடெண்ட், வட்டி, பங்கு விற்ற லாபம் என்று வெளியிலிருந்து வருவது. சம்பளத்தை இந்த ஊர்க் கடை கொடுக்கிறது, வீட்டு விலையை நியூயார்க் பங்குச் சந்தை நிர்ணயிக்கிறது. கவுண்டிக்குள் தனி வீடு என்றால் பத்து லட்சம் டாலருக்குப் பேச்சே தொடங்காது.

இதில் ஒரு வேடிக்கை கேள். அமெரிக்காவின் வட்டி விகிதம் எந்தப் பக்கம் போகும் என்று உலகமே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிற மாநாடு நடப்பதும் இதே கவுண்டியில்தான். கான்சாஸ் சிட்டி ஃபெடரல் ரிசர்வ் வங்கி 1982-லிருந்து ஆண்டுதோறும் ஆகஸ்டில், பூங்காவுக்குள் இருக்கும் ஜாக்சன் லேக் லாட்ஜில் இதை நடத்துகிறது. அன்றைய மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கருக்குத் தூண்டில் போட்டு ட்ரவுட் மீன் பிடிப்பதில் பிரியமாம், அவரை வரவழைக்கவே இந்த இடத்தைப் பிடித்தார்களாம். 2022 ஆகஸ்டில் அப்போதைய மத்திய வங்கித் தலைவர் ஜெரோம் பவல் இங்கே நின்றுதான், விலைவாசியை அடக்கும்போது குடும்பங்களுக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும் என்று பேசினார். வலித்தது. 2021-ல் 3 சதவீதம் அளவில் இருந்த முப்பது வருட வீட்டுக்கடன் வட்டி, 2023 அக்டோபரில் கிட்டத்தட்ட 8 வரை போனது. நாலு லட்சம் டாலர் கடனுக்கு 3 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 1,690. அதுவே ஏழரையில் 2,800. மலை தெரிகிற மாளிகையை வாங்குபவன் முழுப் பணத்தையும் எண்ணி வைத்துவிட்டுப் போகிறான், அவனுக்கு எந்த வட்டியும் உறைக்காது. உறைப்பதெல்லாம் அந்த மாநாட்டுக்குக் காபி ஊற்றுகிறவனுக்கும் என்னை மாதிரிக் கணக்கு எழுதுகிறவனுக்கும்தான்.

சரி, வேலை செய்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பலருக்கு முதலாளியே இடம் தருகிறார். எங்கள் ஹோட்டலும் அடுக்குமாடி வீடுகளை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து, வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடித்தத்தை மாதாமாதம் கணக்கில் ஏற்றுவது நான்தான். வேலை போனால் வீடும் போகும், அதனால் மேலாளர் எவ்வளவு கத்தினாலும் யாரும் வாய் திறப்பதில்லை. கவுண்டி கட்டிக் கொடுக்கிற வீடுகளும் உண்டு. உள்ளூரில் வேலை செய்பவர் மட்டுமே வாங்கலாம், விற்கும்போது விலைக்கு உச்சவரம்பு உண்டு. ஆனால் குலுக்கலில் பேர் வர வேண்டும். மெக்சிகோவின் த்லாஸ்கலாவிலிருந்து வந்து, எங்கள் ஹவுஸ்கீப்பிங் பிரிவில் தலை நரைத்துப்போன ஒரு அம்மா இருக்கிறார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் மனு போடுகிறார். குலுக்கல் நாளன்று கைபேசியை ஏப்ரன் பையில் வைக்காமல், துணி அடுக்குகிற வண்டியின் மேல்தட்டில் முகம் மேலாக வைத்திருப்பார்.

மற்றவர்கள் எங்களைப் போல மலை தாண்டி வருபவர்கள். நாங்கள் இருக்கும் விக்டர், ஐடஹோ மாநிலம். நடுவே டீட்டன் கணவாய், 8,431 அடி. சாலைச் சரிவு 10 சதவீதம், பனிக்காலத்தில் பஸ் டிரைவரை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான். 2024 ஜூன் 8 அன்று அந்தச் சாலையில் ஒரு பெரிய துண்டு அப்படியே சரிந்து பள்ளத்தில் போய்விட்டது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 24 மைல் பயணம் ஆல்பைன் வழியாகச் சுற்றி 85 மைல் ஆனது. ஒரே நாளில் சமையல்காரர், நர்ஸ், குழந்தைகள் காப்பகத்து ஆயா என்று பாதி ஊருக்கு ஆள் இல்லை. எங்கள் ஹோட்டலில் விருந்தினர் அறைகளில் ஊழியர்களையே தங்க வைத்தார்கள். தற்காலிகச் சாலையை ஜூன் 28-க்குள் போட்டு முடித்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. வீட்டுப் பிரச்சினைக்கு மட்டும் அந்த வேகம் வருவதே இல்லை.

இந்தப் பக்கம் மட்டும் மலிவா என்றால், அந்தக் காலம் போய்விட்டது. விதை உருளைக்கிழங்குக்குப் பேர்போன பள்ளத்தாக்கு இது. 2008-க்கு முன் ரியல் எஸ்டேட் வெறியில் ஆயிரக்கணக்கான மனைகளைப் பிரித்துப் போட்டார்கள். சந்தை கவிழ்ந்ததும் பார்லி வயலுக்கு நடுவே தார் ரோடும் தெருப் பலகையும் நின்றன, வீடு மட்டும் வரவில்லை. கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் வந்து நிரப்பினார்கள். அப்புறம் நாள் வாடகை வீடுகள் வேறு. ஊராட்சிகள் அவற்றை அடியோடு தடை செய்யக்கூடாது என்று 2017-லேயே ஐடஹோ சட்டம் போட்டுவிட்டது. ஜாக்சனிலிருந்து துரத்தப்பட்டவர்கள் விக்டருக்கு வந்தார்கள், விக்டரிலிருந்து இப்போது ரெக்ஸ்பர்க், செயின்ட் ஆன்டனி என்று இன்னும் கீழே போகிறார்கள். எங்கள் தெரு முனை பேக்கரியில் "ஆள் இல்லாததால் செவ்வாய், புதன் விடுமுறை" என்று அட்டை தொங்குகிறது. வாடிக்கையாளர் இல்லாமல் இல்லை. ரொட்டி சுடுகிறவனுக்குப் படுக்க இடம் இல்லை.

நீ கீழ்வீட்டு ஸ்கூல் டீச்சரைக் காலி செய்யச் சொல்லிவிட்டு ஹோம்ஸ்டே போடப் போவதாக எழுதியிருந்தாய். உன் வீடு, உன் இஷ்டம். ஆனால் சீசன் வருமானத்தை வைத்து மட்டும் கணக்குப் போடாதே. நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தாயிற்று, 2025 சீசனில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் போட்டார்கள். மழை மாதங்களில் அறை காலியாகக் கிடந்தாலும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். டீச்சரை இருக்க விட்டுவிட்டு, பின்பக்கத்து இரண்டு அறையை மட்டும் முதலில் விட்டுப் பாரேன். கோத்தகிரியில் அந்த வாடகைக்கு அவருக்கு வேறு வீடு கிடைக்காது, அதை உன்னைவிட நன்றாக அறிந்தவர் யார்?

எங்கள் வீட்டுக்காரரும் வசந்தத்தில் வீட்டை விற்கப் போகிறாராம். மரியாதையாக முன்கூட்டியே சொன்னார், பாவம் நல்ல மனிதர். ரெக்ஸ்பர்க்கில் எங்கள் கைக்கு எட்டும் விலையில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். ஆனால் ஒரு வழிக்கே எனக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இவள் வேலையை விட்டு அங்கேயே வேறு தேட வேண்டும், சின்னவனுக்குப் பள்ளி மாற வேண்டும். மார்ச்சுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். உனக்கு என்ன தோன்றுகிறது, தயங்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்