ரிலே மேல் பழி

அன்புள்ள முருகேசு,

கடிதம் இல்லை என்று திட்டாதே, நீயும்தான் எழுதவில்லை. இங்கே எல்லோரும் நலம். இப்போது எனக்கு ஒரே எரிச்சல், உன்னிடம் கொட்டாமல் முடியாது.

கன்வேயர் மோட்டார் எரிந்துவிட்டது. கரண்ட் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்த வேண்டிய ஓவர்லோடு ரிலே கடைசிவரை ட்ரிப் ஆகவில்லை. உடனே "ரிலே பழுது" என்று அறிக்கை போயாயிற்று. கழற்றிச் சோதித்துப் பார்த்தேன், பாவம், அது நன்றாகத்தான் இருக்கிறது!

நடந்தது என்னவென்றால், மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் வைத்து நாள் முழுக்க மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள். விசிறி மோட்டார் தண்டிலேயே இருக்கிறது, வேகம் குறைந்தால் காற்றும் குறையும். கன்வேயரின் பாரமோ அப்படியே, அதனால் கரண்டும் அப்படியே. ரிலேவில் சூட்டால் வளையும் பைமெட்டல் பட்டைக்குத் தெரிந்தது கரண்ட் ஒன்றுதான். வைண்டிங், அதாவது மோட்டாருக்குள் சுற்றிய செம்புக் கம்பி, எவ்வளவு சூடாகியிருக்கும் என்று அதை வைத்து ஊகிக்கிறது, தொட்டுப் பார்ப்பதில்லை. வேகத்தைக் கணக்கில் எடுக்கும் பாதுகாப்பு டிரைவுக்குள்ளேயே உண்டு. அதை அணைத்து வைத்திருந்தார்கள். ஏன் தெரியுமா? அடிக்கடி நிற்கிறதாம். நம்ம சாமிநாதன் இருந்திருந்தால் "ட்ரிப் அளவை இன்னும் ஒரு புள்ளி ஏற்று" என்றிருப்பார்.

இன்னொரு கூத்து. வைண்டிங்குக்குள் பேஸுக்கு ஒன்றாக சூட்டை உணரும் மூன்று பிடிசி தெர்மிஸ்டர் இருக்கிறது. குறித்த சூடு வந்ததும் அதன் தடை சட்டென்று பல மடங்கு எகிறும், மோட்டாரை நிறுத்த அது போதும். அந்த வயர் டெர்மினல் பெட்டிவரை வந்து எதிலும் இணையாமல் சுருண்டு கிடக்கிறது. வைண்டிங்கின் எஃப் வகுப்பு இன்சுலேஷன் (மின்காப்பு) 155 டிகிரி தாங்கும்தான். ஆனால் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்று நாம் படித்ததை யார் நினைக்கிறார்கள்?

இப்போது ரிலேவையே தூக்கிவிட்டு தெர்மிஸ்டர் மட்டும் போதும் என்கிறார்கள். அதுவும் ஆபத்து. டிரைவ் இல்லாமல் நேரே லைனில் ஓட்டும்போது ரோட்டர் (சுழலும் பகுதி) சிக்கி நின்றால் கரண்ட் 6, 7 மடங்கு ஏறும், செம்பில் பிறக்கும் சூடு அதன் வர்க்கமாக ஏறும். ரோட்டர் வெந்துகொண்டிருக்கும், சுழலாத ஸ்டேட்டரில் இருக்கும் தெர்மிஸ்டருக்குச் சேதி தாமதமாகத்தான் போகும். அங்கே, அவ்வளவு கரண்டில் ஏறக்குறைய பத்து நொடிக்குள் ட்ரிப் ஆகும் "கிளாஸ் 10" ரிலேதான் முந்தும். இரண்டும் வேண்டும் என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

சரி, ரீவைண்டிங்குக்கு அனுப்புகிறோம். தெர்மிஸ்டரை 150 டிகிரிக்கு வைக்கச் சொல்லவா, 130இல் எச்சரிக்கைக்கும் ஒரு செட் சேர்க்கவா? உங்கள் மில்லில் என்ன வைத்தாய்? சீக்கிரம் பதில் போடு.

உன்,
செல்வம்