இரத்தம் தருகிறோம், என்னத்துக்கு என்று சொல்லுங்கள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனநோய் பற்றி ஆராயும் எல்லோருக்கும்,

வணக்கம். என் அண்ணைக்கு மனச்சிதைவு நோய். 22 வயதில் தொடங்கியது, இப்போது 41. குளோசபின் எடுக்கிறார். அந்தக் குளிசை வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடலாம் என்பதால் மாதாமாதம் இரத்தம் சோதிக்கிறோம். கிளினிக் கொப்பிக்குள் பழைய ரிப்போர்ட்டுகள் மடித்த மடிப்பிலேயே கிழிந்து கிடக்கின்றன. "ஆராய்ச்சிக்கு இன்னொரு குழாய் கேட்டால் குடுப்பியளோ?" என்று ஒருநாள் கேட்டேன். "என்னத்துக்கு எண்டு சொன்னால் குடுப்பன்" என்றார்.

நான் சும்மா கேட்கவில்லை. 2022இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, 76,755 நோயாளர்களின் மரபணுத் தகவலை வைத்து, டி.என்.ஏ.யில் நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டது. பல இடங்கள் மூளைக் கலங்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்புகளைச் சுட்டுகின்றன. அதற்கு முன், 2016இல், சி4 என்ற மரபணுவைப் பற்றிச் சொன்னார்கள். பதின்ம வயதில் மூளை தன் வேண்டாத இணைப்புகளைக் கத்தரிக்கும். சி4 மிஞ்சி வேலை செய்தால், கிளுவை வேலியை அடியோடு ஒட்ட நறுக்கியதுபோல் ஆகிவிடலாமாம். அண்ணை பேச்சைக் குறைத்து அறைக்குள் இருக்கத் தொடங்கிய காலம் நினைவுக்கு வந்தது. செய்வினை என்று நாங்கள் கோயில் கோயிலாக அலைந்த காலமும் அதுதான்.

ஆனால் இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தவரின் இரத்தம். மனச்சிதைவு நோயை ஆராயும் சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனமும் பங்கெடுத்து 2019இல் வெளியான ஆய்வு, நயாசின் விற்றமினைக் கையாளும் ஒரு மரபணுவைக் காட்டியது. தமிழரிடம் தேடினால் புதிதாக ஏதும் அகப்படும் என்பதற்கு அது போதும். சரி, இங்கேயும் தேடுங்கள்.

அதற்கு முன் ஒரு சொல்லை மாற்றுங்கள். மரபணுவுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த பெயர் 'பரம்பரை அலகு'. அந்தப் 'பரம்பரை'தான் எங்களைக் கொல்கிறது. அக்காவின் மகளுக்குச் சாதகம் பொருந்தி வந்தவர்கள், விறாந்தையில் அண்ணையைக் கண்டபின் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரே மரபணுக்களுள்ள இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தாலும், பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் மற்றவருக்கு வருவதில்லை. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 10 வீதம்தான். மாமனுக்கென்றால் அதைவிடக் குறைவு. இதைக் கலியாணத் தரகருக்கு நான் சொன்னால் எடுபடாது. நீங்கள் சொன்னால் எடுபடும்.

ஒப்புதல் படிவத்தை அம்மா வாசித்து விளங்கும் தமிழில் எழுதுங்கள். முடிவுகளைக் கிளினிக் கொப்பியில் குறிக்க வேண்டாம்; அந்தக் கொப்பி பல கை மாறும். பெயர் எழுதிய வாகனத்தில் ஒழுங்கைக்குள் வராதீர்கள், அயலட்டை முழுக்க வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும். அப்புறம், ஒன்றும் கண்டுபிடிக்காவிட்டாலும் திரும்பி வந்து அதைச் சொல்லுங்கள். அண்ணை கட்டாயம் கேட்பார்.

இப்படிக்கு,
ஒரு தங்கச்சி